மாற்று வேட்பாளர்

மார்ச் 20

காலையில் முதல் வேலையாக அவருடைய வெள்ளை வேட்டிகள் இரண்டையும் நீலம் போட்டு அலசினேன். நீலம் கொஞ்சம் கூடிவிட்டது. வேட்பு மனு கொடுக்கப் போகிறவர் வானத்தை உடுத்திக்கொண்டு போனால்தான் என்ன என்று தோன்றியது. அவரிடமும் சொன்னேன். சிரிக்கவில்லை. தேர்தல் தேதி அறிவித்த நாளிலிருந்து அவர் சிரிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார். சிரிக்கிற வேட்பாளரை ஜனங்கள் நம்ப மாட்டார்களாம்.

இது அவருக்கு மூன்றாவது சட்டமன்றத் தேர்தல். முதல் தடவை 731 ஓட்டு. இரண்டாம் தடவை 1,164. "வளர்ச்சி விகிதத்தப் பாத்தியா வல்லி? அம்பத்தொம்பது சதவீதம்!" என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள் நான். சும்மா இருக்க முடியுமா? அதே விகிதத்தில் போனால் அவர் எம்.எல்.ஏ. ஆவதற்கு இன்னும் பத்துத் தேர்தல் ஆகும். அப்போது அவருக்கு நூற்று மூன்று வயது. இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

நீர்வழி மக்கள் கட்சி என்றால் எங்கள் சேந்தன்குளம் தொகுதியில் திரவியம், திரவியம் என்றால் நீர்வழி மக்கள் கட்சி. தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாக்காளர் பட்டியல் திருத்தம் என்று ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவர். தெற்கே சேனைக்குளத்தில் மண்ணடித்துப் புது பஸ் ஸ்டாண்டு கட்டப் பார்க்கிறார் எம்.எல்.ஏ. பேச்சிமுத்து. இரண்டு முறை ஜெயித்தவர், மூன்றாவது முறையும் நிற்கிறார். அவரை எதிர்த்து இன்னொரு பெரிய கட்சி. நடுவில் நாங்கள்.

'நாங்கள்' என்று எழுதக் காரணம் இருக்கிறது. இந்த முறை நானும் மனு தாக்கல் செய்கிறேன். மாற்று வேட்பாளர். அவருடைய மனு தள்ளுபடியானால் என்னுடையது நிற்கும். அவருடையது ஏற்கப்பட்டால் என்னுடையது தானாக ஒதுங்கிவிடும். எல்லா வேட்பாளரும் மனைவியையோ மகனையோ இப்படி வைத்துக்கொள்வார்கள். மழை வராது என்று தெரிந்தும் கையில் எடுத்துப் போகிற குடை.

மார்ச் 22

எங்களைப் போன்ற சின்னக் கட்சிக்காரர்களுக்குத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். ஒருவர் குறைந்தாலும் மனு செல்லாது.

"ஒனக்கு யாராச்சும் பத்துப் பேரப் போட்டுக்கோ. அத யாரு பாக்கப் போறா?" என்றார்.

டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் பத்துப் பேரைப் பிடித்தேன். பக்கத்துத் தெரு எஸ்தர்தான் முதல் கையெழுத்து. "டீச்சர், இதுல கையெழுத்துப் போட்டா என்ன செய்வாக?" என்றாள். ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்றேன். "அப்போ எதுக்குப் போடணும்?" நல்ல கேள்வி. பத்துப் பேருக்கும் வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் தேடிச் சரிபார்த்தேன். ஒரு மத்தியானம் முழுக்க அதற்கே போயிற்று. ஏன் அவ்வளவு அக்கறை என்று கேட்டால் பதில் இல்லை. படிவம் என்றால் சரியாக நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அவர் தன்னுடைய பத்துப் பேரைக் கால் மணி நேரத்தில், பட்டியலைத் தொடாமல், மனதிலிருந்தே எழுதிவிட்டார். ஐந்து வருடத்துக்கு முந்தைய எண்கள். எல்லாம் தினமும் கடைக்கு வருகிற சேக்காளிகள். ஒரே ஆள் நான்கு செட் மனு வரை கொடுக்கலாமாம். "எனக்கு ஒண்ணு போதும்" என்றார்.

என்னைத்தான் நல்ல கையெழுத்தில் பிரதி எடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டே வந்தேன். "ஏங்க, ஆவுடையப்பன் அண்ணாச்சி…" என்று ஆரம்பித்தேன்.

"அவரு பேர மொதல்ல போடு. மூத்தவருல்லா. அப்படியே ஒரு காப்பி."

காப்பி போட்டேன்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி போன தைக்கு முந்தின தையில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புது வீடு கட்டிப் போனார். கிரகப்பிரவேசத்தில் பாயசம் நன்றாக இருந்தது.

மார்ச் 23

மனு தாக்கல். தேர்தல் அதிகாரி முன்னால் உறுதிமொழி வாசித்தேன். அந்த அறையில் என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு வெண்டைக்காய்ப் பொரியல். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்று இருக்கிறது. மனுவில் மூன்று சின்னம் விருப்ப வரிசையில் கேட்க வேண்டும். அவர் முதலில் கப்பல், அடுத்தது கரும்பலகை என்று சொல்லிவிட்டு, "மூணாவது ஏதாச்சும் போடு, ஒன்னோடது நிக்கவா போகுது?" என்றார். காலையில் நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சின்னங்களின் பட்டியலில் வெண்டைக்காயும் இருந்தது. எழுதிவிட்டேன்.

மார்ச் 25

மனு பரிசீலனை. அவருடையது தள்ளுபடி.

அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். "முன்மொழிஞ்ச பத்துப் பேர்ல முதல் பேரு, ஆவுடையப்பன், இந்தத் தொகுதி வாக்காளர் இல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேற தொகுதி. போன வருஷமே பேர மாத்தியிருக்காரு."

இவருக்கு முகம் வெளிறிவிட்டது. பின்னால் நின்ற அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"என்னவே இது? பேர மாத்தினத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"என்ன வே சொல்லச் சொல்லுதீரு? அந்தப் படிவத்த எழுதிக் குடுத்ததே நீருதான! ஒம்ம கடையில, ஒம்ம பேனாவுல!"

உண்மைதான். ஊருக்கெல்லாம் முகவரி மாற்றி எழுதிக் கொடுத்தவர், அப்படி மாற்றியவரையே முதல் ஆளாகப் போட்டிருக்கிறார். அறையில் யாரோ சிரித்தார்கள். பேச்சிமுத்துவின் வக்கீலாக இருக்கலாம். நான் இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அதிகாரி அடுத்த மனுவை எடுத்தார். பத்துப் பெயர், பத்து எண். ஒவ்வொன்றாகப் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தார். "செண்பகவல்லி திரவியம். ஏற்கப்பட்டது."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் இருவரும் பேசவில்லை. வேகத்தடையில் மட்டும் "பிடிச்சுக்கோ" என்றார்.

மார்ச் 26

தோசை மூன்று சாப்பிட்டார். வழக்கமாக ஐந்து.

காலைக் காப்பிக்கு நாள் தவறாமல் வருகிற ஆவுடையப்பன் அண்ணாச்சி வரவில்லை. அவருடைய டம்ளரை எடுத்து வைத்துவிட்டேன், பிறகு உள்ளே கொண்டு போய்க் கவிழ்த்தேன்.

கோயம்புத்தூர் விடுதியிலிருந்து மகள் யாழினி போன் பண்ணினாள். "அம்மா, நீ வேட்பாளராமே! அப்பா என்ன செய்யுதாரு?"

"வேட்டி மடிச்சுக்கிட்டு இருக்காரு."

"பாவம்மா. நீ வாபஸ் வாங்கிருவியா?"

நாளை மூன்று மணி வரை நேரம் இருக்கிறது என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

சாயங்காலம் டியூஷன் முடிகிற நேரத்துக்கு வாசலில் பெரிய கார். எம்.எல்.ஏ. பேச்சிமுத்துவே வந்துவிட்டார். அவர் பேத்தி ஒன்பதாம் வகுப்பு, என்னிடம்தான் படிக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க எலக்சன்ல நின்னா பாப்பாக்கு யாரு டீச்சர் கணக்குச் சொல்லிக் குடுப்பா? அடுத்த வருசம் பத்தாப்பு."

"காலையில ஆறு மணிக்கு எடுப்பேன் சார்."

"ஆறு மணிக்கு எந்திரிக்கவா? என் பேத்தியா?" என்று சிரித்தார். "வாபஸ் வாங்கிருங்களேன். ஐயா மனசும் சங்கடப்படாதுல்லா."

அது எனக்கு உறைத்தது. என் கணவரின் மனதைப் பற்றி அவருடைய எதிரி இவ்வளவு அக்கறையாக என்னிடம் பேசுவானேன்? உள்ளறையில் இவர் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

"அவுக மனச நான் பாத்துக்கிடுதேன் சார். நீங்க காப்பி சாப்பிடுங்க."

கார் போன பிறகு இவர் வெளியே வந்தார். ஒரு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு: "நீ நில்லு. வாபஸ் வாங்காத. நீ நின்னா நான் நின்ன மாதிரிதான்."

ஆசை நிறைவேறியவளுக்கு வருகிற சந்தோஷம் எனக்கு வந்தது. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால்.

மார்ச் 27

மூன்று மணி தாண்டிவிட்டது. நிற்கிறேன்.

கப்பலும் கரும்பலகையும் குலுக்கலில் சுயேச்சைகளுக்குப் போய்விட்டன. எனக்கு வெண்டைக்காய்.

"கட்சியோட பேரு நீர்வழி," என்றார் அவர் சுவரைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக. "நான் சொன்னது கப்பல். இவ எழுதி வச்சது வெண்டக்கா."

மார்ச் 30

போஸ்டர் வந்தது. அவர் இடுப்பு வரை கைகூப்பி நிற்கிறார். நான் மேல் மூலையில், ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தில். கீழே, 'திரவியத்தின் துணைவியார் செண்பகவல்லிக்கு வாக்களிப்பீர்'. தூரத்தில் இருந்து பார்த்தால் அவர் எதற்கோ நிற்பது போலவும் நான் காணாமல் போனது போலவும் இருக்கிறது. சொன்னேன். "அடுத்த அச்சுல பாப்போம்" என்றார்.

ஏப்ரல் 3

பிரசாரம். ஆட்டோ, ஒலிபெருக்கி, அவர், நான், எஸ்தர். ஒவ்வொரு தெருமுனையிலும் அவர் நாற்பது நிமிடம் பேசுகிறார். கல்வெட்டில் சேனைக்குளம், அரசாணையில் சேனைக்குளம், நீதிமன்றத் தீர்ப்பில் சேனைக்குளம். எல்லாம் சரியான விஷயம்தான். கேட்பவர்கள் ஒவ்வொருவராக அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து போய்விடுகிறார்கள். கடைசியில் "வேட்பாளர் இரண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கைத் தருவார். நான் "வணக்கம், நன்றி" என்பேன். சரியாக இரண்டு வார்த்தை.

எஸ்தர் இன்று காதோடு சொன்னாள்: "டீச்சர், வகுப்புல நீங்க இப்படியா இருப்பிய? என் மவன் உங்க சத்தத்துக்குத்தான் பயப்படுதான்."

ஏப்ரல் 5

துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது. கடைக்குப் போனால் வரிசையில் முன்னால் விடுகிறார்கள். அரசியலில் கண்ட முதல் பலன்.

ஏப்ரல் 7

அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு, எதற்கும் மசியவில்லை. கைச்சாடையில் மைக்கை என்னிடம் நீட்டினார். வடக்குத் தெரு, நூறு பேர் இருக்கும், பாதிக்கு மேல் பெண்கள்.

என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"ஒரு கணக்குக் கேக்கேன், பதில் சொல்லுங்க. சேனைக்குளம் அறுபது ஏக்கர். இருபது ஏக்கர் மண் போட்டு மூடிட்டாக. மிச்சம் எவ்வளவு?"

"நாப்பது!" என்று கூட்டம் சொன்னது.

"தப்பு. அது நிலக் கணக்கு. நான் கேக்குறது தண்ணிக் கணக்கு. மூடுன பக்கம்தான ஆழம்? அங்க ரெண்டாள் மட்டம். மிச்சப் பக்கம் முழங்கால்தான். இப்போ சொல்லுங்க."

வகுப்பில் விடை வருவதற்கு முன்னால் இருக்குமே, அந்த அமைதி. பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "பாதிகூடத் தேறாது டீச்சர். அதான் எங்க கெணறு மாசியிலேயே வத்திட்டு" என்றாள்.

"அவ்வளவுதான். நூத்துக்கு நூறு."

கை தட்டினார்கள். யாரோ, "வெண்டக்கா தின்னா கணக்கு வரும்லா! டீச்சருக்கு அதான் அந்தச் சின்னம்!" என்று கத்த, தெருவே சிரித்தது. நான் சின்னத்தைப் பற்றி அப்படி நினைத்ததே இல்லை. ஆனால் நினைத்தவள் போல் தலையாட்டிவிட்டேன். அரசியல் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

ஆட்டோவில் ஏறிய பிறகு அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்: 'நாலு நிமிஷம்தான் பேசினே.' கொஞ்சம் பொறுத்து அதைத் திரும்ப வாங்கி, கீழே எழுதினார்: 'யாரும் போகல.'

ஏப்ரல் 9

தொண்டை சரியாகிவிட்டதா என்று கேட்டேன். கரகரவென்று, "இன்னும் இல்ல" என்றார். பின்னால் தோட்டத்தில் யாழினியிடம் போனில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்காதது போல் துணி காயப்போட்டேன்.

ஏப்ரல் 11

வாக்குப்பதிவு. இயந்திரத்தில் என் பெயர் ஏழாவது. பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு கணம் யோசித்தேன்: நான் இவளுக்கு ஓட்டுப் போடுவேனா? அன்று மார்ச் 22, காப்பி போட்டவள் இவள்.

காலையில்தான் அந்தக் குறிப்பைத் திரும்பப் படித்திருந்தேன். பாயசத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். கிரகப்பிரவேசம் நடந்த வீடு எந்தத் தொகுதி என்று எனக்குத் தெரியும், இருபது தடவையாவது அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். பிரதி எடுக்கும்போது பக்கத்திலேயே பட்டியலும் இருந்தது. காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். சாப்பாடு போடும்போது சொல்லியிருக்கலாம். மறுநாள் ஸ்கூட்டரில் கிளம்பும் முன் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை ஆரம்பித்தேன், அவர் கேட்கவில்லை. அதோடு என் கடமை முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். என் பத்துப் பேரை மட்டும் ஒரு மத்தியானம் முழுக்கச் சரிபார்த்தேன்.

இவர் அண்ணாச்சியோடு பேசி பதினேழு நாள் ஆகிறது. முப்பது வருட சிநேகம்.

பொத்தானை அழுத்தினேன். வெண்டைக்காய்க்குத்தான்.

ஏப்ரல் 12

ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன், பாலத்தைத் தாண்டி. "தப்பு உங்க மேல இல்ல அண்ணாச்சி, பாத்து எழுதாத எங்க மேலதான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை.

"அவன் வந்து கூப்புடட்டும் மதினி. நான் என்ன கோவிச்சா இருக்கேன்? காப்பிதான் சரியில்ல இங்க."

மே 9

எண்ணிக்கை. பேச்சிமுத்து 3,017 ஓட்டில் தோற்றுவிட்டார். ஜெயித்தது மற்றப் பெரிய கட்சி. மூன்றாவது இடம், செண்பகவல்லி திரவியம், 6,208.

டெபாசிட் போயிற்று. ஆனால் மையத்தில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சிமுத்துவுக்குக் குறைந்த ஓட்டை என் ஓட்டோடு வைத்துப் பார்க்க எல்லோருக்கும் கணக்கு வந்துவிட்டது. ஜெயித்தவர் அறிவித்த முதல் விஷயம், சேனைக்குளத்தில் போட்ட மண்ணை அள்ளுவது. அள்ளுகிறாரா, பார்க்கலாம்.

சாயங்காலம் பேச்சிமுத்துவிடமிருந்து போன். பயந்துகொண்டே எடுத்தேன். "டீச்சர், நானும் ஜெயிக்கல, நீங்களும் ஜெயிக்கல. பாப்பாவாவது கணக்குல ஜெயிக்கட்டும். நாளைக்கு டியூஷன் உண்டுல்லா?"

உண்டு என்றேன். காலை ஆறு மணிக்கு.

மே 10

காலையில் வாசலில் ஒரு கூடை நிறைய வெண்டைக்காய். பின்னால் ஆவுடையப்பன் அண்ணாச்சி. இவரே போய்க் கூட்டி வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போல் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"என் ஓட்டு அந்தப் பக்கம் போனதுனாலதான்வே ஆறாயிரம் விழுந்துச்சு. இல்லாட்டி நீருல்லா நின்னுருப்பீரு!" என்றார் அண்ணாச்சி. கவிழ்த்து வைத்திருந்த டம்ளரைக் கழுவி நிமிர்த்தினேன்.

மத்தியானம் சாப்பாடு கொண்டு கடைக்குப் போனபோது அவருடைய எழுதும் அட்டையில் பார்த்தேன். 1,164, அதன் கீழே 6,208, அதன் கீழே வட்டமிட்டு 433%. இரண்டு தடவை போட்டுச் சரிபார்த்திருக்கிறார்.

"வளர்ச்சி விகிதம் நல்லாருக்கு" என்றேன்.

"நமக்குன்னு ஒரு ஓட்டு இருக்குன்னு தெரிஞ்சிட்டு வல்லி. அடுத்த தடவ நான் நிக்கும்போது இந்த ஆறாயிரமும் அப்படியே விழும்" என்றார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அன்னைக்கு நீ ஏதோ சொல்ல வந்தியே? ஆவுடையப்பன் அண்ணாச்சின்னு ஆரம்பிச்ச. என்ன சொல்ல வந்த?"

பொரியலை இன்னொரு கரண்டி வைத்தேன்.

"அவுக வீட்டுக் கிரகப்பிரவேசப் பாயசம் நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். முப்பது வருடமாக மற்றவர்கள் மனுவில் எது விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற கண். பிறகு சிரித்தார். மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல் முறை. ரசம் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். தலையில் தட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இப்போதைய விகிதத்தில் போனால் பத்துத் தேர்தல் வேண்டாம். இரண்டே போதும். எனக்கு அப்போது ஐம்பத்தாறு.

அடுத்த முறை வேட்பாளர் நான். போஸ்டரில் நான் இடுப்பு வரை. அவர் மாற்று வேட்பாளர். அவருடைய மனுவுக்கு வேண்டிய பத்துப் பேரையும், ஒரு மத்தியானம் உட்கார்ந்து, பாகம் எண், வரிசை எண்ணோடு நானே சரிபார்ப்பேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.